டிவி மூலையில் இருக்கும் லோகோ எதற்கு? தூர்தர்ஷன் கண் முதல் வாட்ஸ்அப் போலி கார்டு வரை

ராத்திரி 10 மணி தாண்டியிருக்கும். கார்த்திகை மழை. தக்கலையில் இருக்கும் பெரியம்மையிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு நியூஸ் கார்டு வந்தது. கீழேயே ஒரு வாய்ஸ் நோட்டும். "மக்களே, நாளைக்கு கன்னியாகுமரி மாவட்டத்துல பள்ளிக்கூடம் லீவுன்னு உங்க டிவியில போட்டிருக்கே, உள்ளதுதானா? சின்னவனுக்கு பரீட்சை இருக்கு."

கார்டைத் திறந்து பார்த்தேன். எங்கள் சேனல் லோகோ. அதே சிவப்புப் பட்டை, அதே 'பிரேக்கிங்'. அன்றைக்கு டிஜிட்டல் டெஸ்க்கில் நைட் ஷிஃப்ட்டில் இருந்ததே நான்தான். அப்படி ஒரு கார்டு எங்களிடமிருந்து போகவே இல்லை. ஆனாலும் இரண்டாவது முறை உற்றுப் பார்த்த பிறகுதான் "இல்ல பெரியம்மை, அது டூப்பு" என்று பதில் போட எனக்கே தைரியம் வந்தது.

பெரியம்மை விடவில்லை. "உங்க முத்திரை இருக்கே மக்களே?"

நியாயமான கேள்வி. டிவி திரையின் மூலையில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் அந்தக் குட்டிப் படம் எதற்கு, அதை யார் முடிவு செய்கிறார்கள், அதை எவ்வளவு நம்பலாம்? பார்ப்போம்.

முத்திரை என்று சொன்னது சரிதான்

லோகோவுக்குத் தமிழில் 'இலச்சினை' என்று எழுதுகிறோம். பேச்சில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. பெரியம்மை சொன்ன 'முத்திரை'தான் காரியத்துக்குப் பொருத்தமான சொல் என்று எனக்குத் தோன்றுகிறது. பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகம் வரும். அங்கே ஏற்றி இறக்கும் மூட்டைகள் மீது சோழரின் புலிச் சின்னத்தைப் பொறிப்பார்கள். மூட்டைக்குள் மிளகா, வேறு ஏதாவதா என்பதைப் புலி சொல்லாது. இதைப் பார்த்து அனுப்பியது யார், ஏதாவது தப்பு என்றால் யாரிடம் போய் நிற்பது என்பதைச் சொல்லும்.

டிவி லோகோவின் வேலையும் அதுவே. 'இதை உங்களுக்குச் சொல்வது நாங்கள்' என்ற கையெழுத்து. சரியாகச் சொன்னால் பெயர் அவர்களுக்கு. தப்பாகச் சொன்னால் கெட்ட பெயரும் அவர்களுக்கே.

ஆன்டெனா காலத்தில் லோகோவை எப்படிப் பார்த்தோம்?

இந்தியாவில் தொலைக்காட்சி சோதனை முயற்சியாக டெல்லியில் தொடங்கியது 1959 செப்டம்பர் 15ல். சென்னைக்கு வந்தது 1975 ஆகஸ்ட் 15ல். அப்போது அது அகில இந்திய வானொலியின் ஒரு பிரிவு. 1976 ஏப்ரல் 1ல் 'தூர்தர்ஷன்' தனி அமைப்பாகப் பிரிந்தது. தனிக்குடித்தனம் போகிறவர்களுக்குத் தனி முகவரி வேண்டுமே? அந்த முகவரிதான் நம் எல்லோருக்கும் தெரிந்த 'கண்'.

அகமதாபாத்தில் இருக்கும் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் மாணவராக இருந்த தேவாஷிஸ் பட்டாச்சார்யா வரைந்தது அது. நடுவில் ஒரு வட்டம், அதை இரண்டு பக்கமும் அணைத்தபடி இரண்டு வளைவுகள். அவ்வளவே. கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் இல்லாத காலம் என்பதால், படத்தைக் கேமராவுக்குக் கீழே வைத்துத் திருப்பித் திருப்பிப் படம்பிடித்தே அந்தச் சுழற்சியை உருவாக்கினார்கள். பண்டிட் ரவி சங்கரும் உஸ்தாத் அலி அகமது ஹுசைன் கானும் உருவாக்கிய அந்த இசையோடு கண் சுழன்று வந்து நிற்கும். 80களில் வளர்ந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள், இசையை வாயாலேயே வாசித்துக் காட்டுவார்கள்.

நம்ம குமரி மாவட்டத்துக்கு இதில் ஒரு தனிக் கதை உண்டு. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த மாவட்டம் இது. நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் சுமார் 70 கிலோமீட்டர்தான். சென்னையோ 700 கிலோமீட்டர் தாண்டி. 1985ல் திருவனந்தபுரம் தூர்தர்ஷன் மலையாள ஒளிபரப்பைத் தொடங்கியபோது, ஆன்டெனாவைத் திருப்பினால் மலையாளச் செய்தி. கடல் பக்கம் திருப்பினால், காற்றும் வானிலையும் ஒத்துழைத்தால், 1982ல் தொடங்கிய இலங்கையின் ரூபவாஹினி. மொட்டை மாடியில் ஒருத்தர் கம்பத்தைத் திருப்புவார். கீழே டிவி முன்னால் இருப்பவர் "தெரியுது, தெரியுது... போச்சு" என்று கத்துவார்.

திரையில் முழுக்கப் புள்ளிப் புள்ளியாக இருக்கும்போது, சிக்கியிருப்பது எந்த ஸ்டேஷன் என்று முதலில் தெரிந்துகொள்வது எதை வைத்து? மொழி புரிவதற்கு முன்னாலேயே சின்னம் புரிந்துவிடும். மலையாள எழுத்து தெரியாத பாட்டிகள் இன்றைக்கும் கல்குளம், விளவங்கோடு பக்கம் மலையாள சேனல்களை லோகோவின் வடிவத்தை வைத்தே சரியாகக் கண்டுபிடித்து சீரியல் பார்க்கிறார்கள். லோகோ டிசைனர்களுக்கு இதைவிடப் பெரிய தேர்வு இல்லை என்பேன்.

கவனியுங்கள், அன்றைக்குத் திரை மூலையில் நிரந்தர லோகோ வழக்கமாகவில்லை. நிகழ்ச்சிகளுக்கு இடையே சின்னம் வரும், போகும். அமெரிக்காவிலேயே மூலை லோகோ பரவலானது 1990களில்தான். காரணம், ரிமோட். ஊரில் ஒரே ஒரு சேனல் இருக்கும்போது யாரும் 'இது எந்த சேனல்' என்று கேட்பதில்லை. கையில் ரிமோட்டும் முன்னால் ஐம்பது சேனலும் வந்த பிறகு, மூன்று வினாடியில் தாண்டிப் போகிறவருக்கும் 'நான்தான் இது' என்று சொல்லியாக வேண்டும். தொழிலில் இந்த மூலை லோகோவுக்கு 'பக்' என்று பெயர். பூச்சி மாதிரி திரையிலேயே ஒட்டிக்கொண்டிருப்பதால் வந்த பெயர் போல.

சூரியன் உதித்த 1993

1993 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு அன்று சன் டிவி தொடங்கியது. முரசொலி மாறனின் மகன் கலாநிதி மாறன் தொடங்கிய சேனல். பெயரும் சூரியன், சின்னமும் சூரியன். திமுகவின் தேர்தல் சின்னம் உதயசூரியன் என்பதைத் தமிழ்நாட்டில் யாருக்கும் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தக் குழுமத்தின் பெயர் வைக்கும் முறையைக் கவனித்தால் பிராண்டிங் என்றால் என்ன என்று பாதி புரிந்துவிடும். கன்னடத்தில் 'உதயா', மலையாளத்தில் 'சூர்யா' (1998), நகைச்சுவைக்கு 'ஆதித்யா'. எல்லாம் சூரியனைச் சுற்றியே. ஒரு சேனல் பிடித்தவருக்கு அடுத்ததையும் 'நம்ம வீட்டுப் பிள்ளை' என்று காட்டும் தந்திரம் அது. நம்ம மாவட்டத்தில் ஒரே வீட்டில் அம்மை சன் டிவியும், பக்கத்து வீட்டு மயினி சூர்யாவும் பார்ப்பார்கள். இரண்டும் ஒரே குழுமத்துச் சேனல்கள் என்பது இருவருக்கும் பெரிய விஷயமாக இருக்காது.

அதற்குப் பிறகு வந்த பெயர்களைப் பாருங்கள். ஜெயலலிதாவின் பெயரில் ஜெயா டிவி. 2007ல் கலைஞர் டிவி. பாமக தரப்பிலிருந்து மக்கள் தொலைக்காட்சி. விஜயகாந்த் பெயரைச் சொல்லும் கேப்டன் டிவி. ஜெயலலிதா மறைவுக்குப் பின் அதிமுக தரப்புக்குப் பேச நியூஸ் ஜே. தமிழ்நாட்டில் ஒரு லோகோவைப் பார்த்ததுமே, செய்தி காதில் விழுவதற்கு முன், 'இது யார் வீட்டுக் குரல்' என்று பார்ப்பவர் மனதுக்குள் கணக்குப் போட்டுவிடுகிறார். இதைக் குறையாக மட்டும் பார்க்க வேண்டியதில்லை. ஒளித்து வைக்காமல் நெற்றியிலேயே எழுதிக்கொண்டு வருவதும் ஒருவகையில் நேர்மையே.

குமரி மாவட்டத்துக்காரர் ஒருவரின் பெயரிலும் ஒரு சேனல் இருக்கிறது. அகஸ்தீஸ்வரத்தில் பிறந்த எச்.வசந்தகுமார், தவணை முறையில் டிவியும் வீட்டு உபயோகப் பொருட்களும் விற்று 'வசந்த் அண்ட் கோ'வை வளர்த்தவர். விளம்பரத்தில் நடிகரைப் போடாமல் சிரித்த முகத்தோடு அவரே வருவார். அந்தச் சிரிப்பே கடையின் லோகோ ஆகிப்போனது. பெட்டியை விற்றவர் பிறகு பெட்டிக்குள்ளேயும் வந்தார்: 2008ல் வசந்த் டிவி. 2019ல் கன்னியாகுமரி எம்.பி. ஆனார். 2020 ஆகஸ்டில் கொரோனாவால் காலமானார். முகம், பெயர், கடை, சேனல் நான்கும் ஒரே பிராண்டாக இருந்ததற்குத் தமிழ்நாட்டில் இவரைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

பெயர் மாறினால், நிறம் மாறினால் ஏன் சண்டை?

சென்னைத் தூர்தர்ஷனின் தமிழ் செயற்கைக்கோள் சேனல் முதலில் 'டிடி 5'. பிறகு அதற்குப் 'பொதிகை' என்று பெயர் வந்தது. தாமிரபரணி பிறக்கும் மலை, அகத்தியர் இருந்ததாகத் தமிழ் மரபு சொல்லும் மலை. வசந்தகுமாரின் ஊரான அகஸ்தீஸ்வரத்தின் பெயரிலும் அதே அகத்தியர்தான் இருக்கிறார். ஒரு எண்ணை எடுத்துவிட்டு மலையை வைத்தார்கள். நல்ல மாற்றம்.

2024 ஜனவரி 19ல் சென்னையில் நடந்த கேலோ இந்தியா தொடக்க விழாவில், புதுப்பிக்கப்பட்ட சேனலைப் பிரதமர் மோடி தொடங்கிவைத்தார். பெயர் 'டிடி தமிழ்'. வேறு சில மாநிலச் சேனல்களைப் போல மொழியின் பெயரே சேனலின் பெயர். நிர்வாகத்துக்கு அது ஒழுங்கு. ஆனால் 'பொதிகை' என்ற சொல் திரையிலிருந்து போனது பலருக்கு வலித்தது. எனக்கும்தான். தமிழ் படித்தவன் என்பதால் கொஞ்சம் கூடுதலாக வலித்திருக்கலாம்.

அதே ஆண்டு ஏப்ரல் 16ல் அடுத்தது. டிடி நியூஸ் லோகோ காவி நிறத்துக்கு மாறியது. மூன்றே நாளில், ஏப்ரல் 19ல், தமிழ்நாட்டில் மக்களவைத் தேர்தல் வாக்குப்பதிவு. தோற்றம்தான் புதிது, எங்கள் மதிப்புகள் பழையவையே என்பது டிடி நியூஸ் தரப்பு விளக்கம். பிரசார் பாரதியின் முன்னாள் தலைமைச் செயல் அதிகாரி ஜவஹர் சர்க்கார் இதைக் கடுமையாக விமர்சித்தார். முதலமைச்சராக இருந்த மு.க.ஸ்டாலின், வானொலி 'ஆகாசவாணி' ஆனதையும் பொதிகை பெயர் போனதையும் இதோடு சேர்த்துக் கண்டித்தார்.

ஒரு நிறத்துக்கு இவ்வளவு ரகளையா என்று கேட்கலாம். தனியார் சேனல் ஒன்று நாளைக்கே பச்சையிலிருந்து நீலத்துக்கு மாறினால் யாரும் கேட்க மாட்டார்கள். ஸ்டார் விஜய் எத்தனையோ லோகோ பார்த்துவிட்டது. 1994ல் ஜிஇசி என்று தொடங்கி, விஜய் மல்லையா கைக்குப் போய் விஜய் டிவி ஆகி, 2001ல் ஸ்டார் குழுமத்துக்கு வந்தது. ஒவ்வொரு முறை கை மாறும்போதும் முகமும் மாறியது. அது முதலாளி மாறியதற்கான பெயர்ப்பலகை. தூர்தர்ஷன் அப்படி இல்லை, நம் எல்லோர் வரிப்பணத்திலும் நடப்பது. அதன் முத்திரையில் எந்தக் கட்சியின் சாயலும் தெரியக்கூடாது என்று எதிர்பார்ப்பதில் தப்பில்லை. 2017ல் புது லோகோ வேண்டும் என்று தூர்தர்ஷனே பொதுமக்களிடம் போட்டி வைத்தது, பரிசு 1 லட்சம் ரூபாய். அதற்குப் பிறகும் அந்தக் கண் போகவில்லை.

மூலையில் எப்படி ஒட்டுகிறார்கள்?

நிகழ்ச்சி தயாராகும்போது லோகோ அதில் இருக்காது. ஒளிபரப்புக்குப் போகும் கடைசி இடமான மாஸ்டர் கன்ட்ரோல் அறையில்தான் மேலே ஏற்றப்படும். அதனால்தான் பல சேனல்களில் விளம்பரம் வந்ததும் லோகோ மறைகிறது, நிகழ்ச்சி திரும்பியதும் வருகிறது. கண்ணாடி மாதிரி அரைகுறையாகத் தெரியும்படி லோகோ வைப்பதற்குக் காரணம் அழகு மட்டும் இல்லை. ஒரே இடத்தில் ஒரே படம் மணிக்கணக்கில் நின்றால் ஓஎல்இடி மாதிரித் திரைகளில் அதன் நிழல் அப்படியே பதிந்துபோகும். ஹோட்டல், சலூன் டிவிக்களில் சேனல் மாற்றினாலும் பழைய லோகோ மங்கலாகத் தெரிந்தால், அது இதுதான். பேய் இல்லை.

பலரும் கேட்கும் இன்னொன்று: படம் பார்க்கும்போது திரையில் திடீரென்று ஒரு நீள எண் வந்துபோகிறதே, அது என்ன? அது லோகோ இல்லை. உங்கள் செட்டாப் பாக்ஸின் அடையாளம். யாராவது டிவியை மொபைலில் படம்பிடித்துத் திருட்டுத்தனமாக வெளியிட்டால், எந்த வீட்டு பாக்ஸ் என்று கண்டுபிடிப்பதற்கு.

டிஆர்பி? அதற்கும் லோகோவுக்கும் சம்பந்தமில்லை. 2015 முதல் பார்வையாளர் கணக்கெடுக்கும் 'பார்க்' அமைப்பு, சேனலின் ஒலியில் நம் காதுக்குக் கேட்காதபடி கலந்திருக்கும் வாட்டர்மார்க்கை வைத்தே எந்த சேனல் ஓடுகிறது என்று கண்டுபிடிக்கிறது. மெஷினுக்குக் காது போதும், மனுஷனுக்குத்தான் லோகோ வேண்டும்.

இஷ்டத்துக்கு லோகோ மாற்றலாமா?

முடியாது. செயற்கைக்கோள் சேனல் நடத்த மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் அனுமதி வேண்டும். பெயரையோ லோகோவையோ மாற்றவும் அதே அமைச்சகத்திடம் அனுமதி வாங்க வேண்டும். 2022 நவம்பரில் வந்த புதிய வழிகாட்டு நெறிமுறைகளிலும் இது உண்டு. லோகோவை வணிகச் சின்னமாகப் பதிவு செய்தால், 1999ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டப்படி 10 ஆண்டுகளுக்குப் பாதுகாப்பு. பிறகு புதுப்பித்துக்கொண்டே போகலாம்.

நாகர்கோவில், மார்த்தாண்டம், குளச்சல் பக்கம் கேபிளில் மட்டும் வரும் உள்ளூர் சேனல்கள் வேறு ரகம். கோயில் கொடை, சர்ச் திருவிழா, இரங்கல் செய்தி, கடைத் திறப்பு என்று ஊருக்கு நெருக்கமான சேனல்கள் இவை. சுசீந்திரம் தேரோட்டத்தைச் சென்னை சேனல் 30 வினாடி காட்டினால், உள்ளூர் சேனல் தேர் நிலைக்கு வரும்வரை காட்டும். இவற்றுக்குச் செயற்கைக்கோள் சேனல் அனுமதி கிடையாது. கேபிள் ஆபரேட்டர் தன் சந்தாதாரர்களுக்குத் தரும் சேவையாகப் பதிவு செய்ய வேண்டும். 2022 நவம்பர் 30 நெறிமுறைப்படி 'பிளாட்ஃபார்ம் சர்வீசஸ்' என்ற வார்த்தை திரையில் தெரிய வேண்டும், பார்ப்பவர் குழம்பக்கூடாது என்பதற்காக. அடுத்த முறை உள்ளூர் சேனல் பார்க்கும்போது அது இருக்கிறதா என்று பாருங்கள்.

லோகோ உண்மை. செய்தி?

இங்கேதான் எங்கள் தொழிலில் உள்ளவர்கள் கொஞ்சம் தலைகுனிந்து பேச வேண்டும்.

2016 டிசம்பர் 5. ஜெயலலிதா அப்போலோவில். அன்று மாலை அவர் காலமானதாகத் தமிழ்ச் செய்தி சேனல்கள் சில அறிவித்தன. அதிமுக தலைமை அலுவலகத்தில் கொடி அரைக்கம்பத்தில் இறங்கியது. மருத்துவமனை மறுத்தது, சிகிச்சை தொடர்கிறது என்றது. கொடி மறுபடியும் மேலே ஏறியது. அவர் காலமானதாக மருத்துவமனை அறிவித்த நேரம் இரவு 11.30. அன்று மாலை திரை மூலையில் இருந்தது எல்லாமே அசல் லோகோக்கள்.

ஆக, லோகோ அசலாக இருந்தாலும் செய்தி தப்பாக இருக்கலாம். அப்புறம் அதனால் என்ன பிரயோஜனம்? பிடித்துக் கேட்க ஆள் இருக்கிறது என்பதே பிரயோஜனம். 2021 ஜூனில் திருத்தப்பட்ட கேபிள் டிவி விதிகளின்படி, ஒரு சேனலில் வந்தது தவறு என்று நினைத்தால் நீங்கள் அந்த சேனலின் குறைதீர் அதிகாரிக்கே எழுதலாம். 24 மணி நேரத்தில் புகார் கிடைத்தது என்று சொல்ல வேண்டும், 15 நாளில் முடிவு சொல்ல வேண்டும். திருப்தி இல்லையென்றால் அந்த சேனல் சேர்ந்திருக்கும் சுயஒழுங்கு அமைப்புக்குப் போகலாம். அதற்கும் மேலே மத்திய அரசின் கண்காணிப்பு அமைப்பு. செய்தி இணையதளங்களுக்கும் இதே மாதிரி 15 நாள் கெடு உண்டு.

பெரியம்மைக்கு வந்த கார்டுக்கு? யாரிடம் புகார் கொடுப்பது? 'ஃபார்வர்ட் பண்ணவங்க'தான் கடைசி முகவரி. அதற்குப் பின்னால் யாரும் இல்லை.

போலி கார்டு: குமரியில் ஏன் இவ்வளவு எளிதாக நம்புகிறோம்?

நம்ம மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை அடிக்கடி வரும். டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் திருவிழா, மார்கழியில் சுசீந்திரம் தேர், மாசியில் மண்டைக்காடு கொடை, அய்யா வைகுண்டர் அவதார தினம், ஆவணியில் ஓணம். மற்ற மாவட்டத்துக்காரர்களுக்குப் பொறாமையாகக்கூட இருக்கும். இதோடு வடகிழக்குப் பருவமழை சேர்ந்தால், எந்த ராத்திரியிலும் 'நாளை விடுமுறை' என்பது நம்பத் தகுந்த செய்தியே. போலி கார்டு செய்கிறவருக்கு வேலை பாதி முடிந்துவிட்டது.

மீதிப் பாதிக்கு ஐந்து நிமிஷம் போதும். பின்னணி இல்லாத லோகோ படம் இணையத்தில் கிடைக்கிறது. பழைய அசல் கார்டு ஒன்றை எடுத்து எழுத்தை மட்டும் அழித்து மாற்ற மொபைல் ஆப்பே போதும். எங்கள் டெஸ்க்கில் போலி கார்டு பார்க்கும்போது முதலில் கண் போவது லோகோவுக்கு இல்லை, எழுத்துக்கு. ஒவ்வொரு சேனலும் கார்டுக்கு ஒன்றிரண்டு எழுத்துருக்களையே வைத்திருக்கும். போலியில் தலைப்பு ஒரு எழுத்துரு, கீழ்வரி வேறு எழுத்துரு என்று இருக்கும். 'ற்'க்குப் பிறகு தேவையில்லாமல் 'க்' போட்டிருக்கும். (அசல் கார்டிலும் எழுத்துப்பிழை வரும். ராத்திரி 2 மணிக்கு நானும் விட்டிருக்கிறேன். ஆகவே பிழையை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம்.) பல சமயம் சேனல் கைவிட்டுவிட்ட பழைய லோகோ இருக்கும். இன்றைய தேதிச் செய்தியில் 'பொதிகை' என்று லோகோ இருந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

தேதிதான் முக்கியம். பெரியம்மை அனுப்பிய கார்டில் தேதியே இல்லை. 'நாளை' என்று மட்டும் இருந்தது. எந்த நாளுக்கு நாளை? முழுப் போலியைவிட ஆபத்தானது போன வருஷத்து அசல் கார்டு. லோகோ, எழுத்து, செய்தி எல்லாமே உண்மை, நாள் மட்டும் பழசு.

பள்ளிக்கூட விடுமுறை என்றால் ஒரு பையன் ஒரு பரீட்சையைத் தவறவிடுவான். அதுவே கடல் என்றால்? 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயலில் எத்தனை பேரைக் கடலுக்குக் கொடுத்தோம் என்று தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை பக்கம் யாரும் மறக்கவில்லை. 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் 5 பேர் அலையில் சிக்கி இறந்தார்கள். 'கள்ளக்கடல்' எச்சரிக்கை இருந்த நேரம் அது. இப்படிப்பட்ட ஊரில் 'எச்சரிக்கை வாபஸ்' என்று யாரோ செய்த கார்டோ, 'கடலுக்குப் போகலாம்' என்ற போன மாசத்துக் கார்டோ சுற்றினால் விலை என்ன என்று சொல்ல வேண்டியதில்லை.

எப்படிச் சரிபார்ப்பது?

கார்டில் இருக்கும் லோகோ எந்த சேனலுடையதோ, அந்த சேனலின் பக்கத்துக்கு நேராகப் போய்ப் பாருங்கள். அசல் என்றால் அங்கே இருக்கும். மாவட்டம் முழுக்க விடுமுறை என்பதை ஒரே ஒரு சேனல் மட்டும் சொல்லியிருந்தால் சந்தேகப்படலாம், ஏனென்றால் அந்த அறிவிப்பைத் தருவது மாவட்ட ஆட்சியர், அது எல்லாச் செய்தியாளருக்கும் ஒரே நேரத்தில் போகும். ஆட்சியரின் அதிகாரபூர்வ சமூக வலைதளப் பக்கத்திலும் இருக்கும். இன்னொரு விஷயம்: திருவிழா விடுமுறை என்றால் அறிவிப்பிலேயே ஈடுசெய்யும் வேலைநாள் எது என்று ஒரு வரி சேர்ந்து வருவது வழக்கம். போலி செய்கிறவர்கள் அந்தச் சனிக்கிழமையை மறந்துவிடுவார்கள்.

கடல் பற்றியது என்றால் இந்திய வானிலை ஆய்வு மையமும், ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற கடல்சார் தகவல் மையமும் தருவதே அடிப்படை. சேனல்கள் அங்கிருந்து வாங்கிச் சொல்பவையே. அரசுத் திட்டம், அரசாணை பற்றியது என்றால் தமிழ்நாடு அரசின் தகவல் சரிபார்ப்பகம் இருக்கிறது. மத்திய அரசு விஷயங்களுக்கு பிஐபியின் சரிபார்ப்புப் பிரிவு. யூடர்ன் மாதிரி தனியார் தளங்களும் சுற்றும் கார்டுகளை எடுத்துச் சோதித்து வெளியிடுகிறார்கள்.

இன்னொருவர் லோகோவை ஒட்டி ஏமாற்றுவது குற்றமா? ஆமாம். கணினி வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றினால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி பிரிவில் 3 ஆண்டு வரை சிறை. பொதுமக்களிடையே பீதி கிளப்பும் பொய்த் தகவலைப் பரப்பினால் பாரதிய நியாய சன்ஹிதா 353வது பிரிவு வரும். வழக்குப் பதிவாகி ஆளைக் கண்டுபிடிப்பதற்குள் கார்டு பத்து குரூப் தாண்டியிருக்கும் என்பது வேறு விஷயம். அதனால் சேனல்கள் செய்வது, அந்தக் கார்டின் மேலேயே 'போலி' என்று பெரிதாக முத்திரை குத்தித் தங்கள் பக்கத்தில் போடுவது. அன்று ராத்திரி நாங்களும் அதையே செய்தோம். 10.50க்குப் பதிவு போனது. பெரியம்மைக்கும் அனுப்பினேன்.

காலையில் பள்ளிக்கூடம் இருந்தது. சின்னவன் நனைந்துகொண்டே போய்ப் பரீட்சை எழுதினான். இப்போதெல்லாம் பெரியம்மை கார்டு அனுப்பினால் கூடவே "தேதி போட்டிருக்கு, ஆனா எழுத்து ஒரு மாதிரியா இருக்கு" என்று குறிப்பும் வருகிறது. சில நாள் எங்கள் அசல் கார்டுக்கே அப்படிச் சொல்கிறார்.

மழை, புயல் நேரத்தில் எந்தக் கார்டையும் நம்ப முடியவில்லையா? மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070. கட்டணமில்லா எண்கள், 24 மணி நேரமும்.